எத்தனை பந்தி என்று கேட்ட கடை

திருநெல்வேலி டவுனில், ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தப் பாத்திர வாடகைக் கடை. பெயரை எழுதப் போவதில்லை. நல்லதாகச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. இரண்டு மனக்குறைகளும் இருக்கின்றன. அந்தக் குறைகளுக்காக, வாழ்நாள் முழுவதும் இந்தத் தொழிலிலேயே இருந்த ஒரு மனிதரின் பிழைப்பில் கைவைக்க எனக்கு மனமில்லை. இப்படிப்பட்ட கடை நம் ஊர்களில் எல்லாம் உண்டு. வீட்டில் முப்பது நாற்பது பேருக்கு விருந்து வைக்க நினைப்பவர்கள் அங்கே எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

2025ஆம் ஆண்டுப் பொங்கல். கொழுந்தன் மகளுக்குத் தலைப்பொங்கல். மூத்த வீடு எங்களுடையது என்பதால் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பொங்கலுக்கு மறுநாள் மதியம் எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் விருந்து. சம்பந்தி வீட்டார் எட்டுப் பேர் தூத்துக்குடியிலிருந்து. சென்னை, கோவையிலிருந்து கொழுந்தன்மார், நாத்தனார், பிள்ளைகள். என் மாமியாரான அத்தையையும் சேர்த்து முப்பத்தாறு பேர். புது மாப்பிள்ளைக்கு விருந்து என்றால் எங்கள் பக்கத்தில் சொதிதான். அதில் பேச்சே இல்லை.

முதலில் சமையல் ஒப்பந்தக்காரரிடம் சொல்லிவிடலாம் என்றுதான் என் கணவர் சொன்னார். ஓர் இலைக்கு 280 ரூபாய் கேட்டார்கள். பணம் பெரிதில்லை. ஆனால் அவர்கள் காலை ஏழு மணிக்கே சமைத்து மூடிக் கொண்டுவருவார்கள். தேங்காய்ப் பால் ஊற்றிய சொதி, மூடிய பாத்திரத்தில் ஆறு மணி நேரம் இருந்தால் என்ன கதியாகும் என்று சொதி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாங்களே வைப்பது என்று முடிவு செய்தோம். பாத்திரம் மட்டும்தான் இல்லை. அத்தை காலத்துப் பெரிய பாத்திரங்கள் எல்லாம் பாகப்பிரிவினையில் நான்கு வீடுகளுக்குப் போய், அவற்றில் பாதி பழைய பாத்திரக்காரனிடம் எடைக்குப் போய்விட்டன.

ஜனவரி 3ஆம் தேதி கடைக்குப் போனேன். கையில் பட்டியல் வைத்திருந்தேன். அண்ணாச்சி பட்டியலை வாங்கவே இல்லை. "எத்தனை பந்தி, அம்மா?" என்றார்.

"முப்பத்தாறு பேர், அண்ணாச்சி."

"அது தலைக்கணக்கு. ஒரு பந்தியில் உங்கள் வீட்டில் எத்தனை இலை விழும்?"

கூடத்தில் எதிரும் புதிருமாகப் பன்னிரண்டு இலை போடலாம் என்றேன். அப்படியானால் மூன்று பந்தி என்று அவரே கணக்குப் போட்டார். ஒரு பந்தி சாப்பிட்டு எழுந்து, இலை எடுத்து, தரை துடைத்து, அடுத்த இலை போட அரை மணி நேரத்துக்குக் குறையாது. பண்டிகை நாளில் பேச்சு நீளும். முக்கால் மணி என்றே வைத்துக்கொள்ளச் சொன்னார். முதல் பந்தி ஒரு மணிக்கு உட்கார்ந்தால் மூன்றாம் பந்தி இரண்டரைக்கு. "அந்த ஒன்றரை மணி நேரமும் சொதியை எதில் வைத்திருக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. முப்பது வருடமாக நான் அந்த வீட்டில் சமைக்கிறேன். மூன்றாம் பந்தி என்பது எங்கள் பந்தி. சமைத்தவர்கள், பரிமாறியவர்கள், அதாவது பெண்கள் உட்காரும் பந்தி. அதில் வந்து விழும் சொதி எப்போதும் திரிந்திருக்கும். மேலே எண்ணெய் மிதக்கும், அடியில் பருப்பு கட்டியாக இருக்கும். அது அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். என் மாமியாரும் அப்படித்தான் நினைத்திருந்தார். பாத்திரத்தை மாற்றினால் அது மாறும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

சொதி வைக்கும் முறை வெளியூர்க்காரர்களுக்காகச் சுருக்கமாக. தேங்காயைத் துருவி மூன்று முறை பால் எடுக்க வேண்டும். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய்கள் வேகும்: முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், பட்டாணி, உருளைக்கிழங்கு, சின்ன வெங்காயம், பூண்டு. இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்துச் சேர்ப்போம். குழைய வேகவைத்த பாசிப்பருப்பு சேரும். கடைசியில் முதல் பால். முதல் பால் ஊற்றியபின் கொதிக்கவே கூடாது. ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். எலுமிச்சைச் சாறு இறக்கிய பின்தான். கொதித்தால் திரியும். ஆறினால் சுவை இருக்காது. ஆறியதைத் திரும்பச் சூடாக்கினாலோ நிச்சயம் திரியும்.

அண்ணாச்சி சொன்னது இதுதான். பெரிய குண்டானில் இரண்டாம் பால் வரை வைத்து நிறுத்திவிட வேண்டும். அது கொதித்தாலும் கெட்டுப்போகாது, சிறு தீயில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கும். ஒவ்வொரு பந்திக்கும் இலை போடும்போது அதில் மூன்றில் ஒரு பங்கைச் சின்னக் குண்டானுக்கு மாற்றி, முதல் பாலிலும் மூன்றில் ஒரு பங்கை ஊற்றி, நுரை கட்டியதும் இறக்கி, எலுமிச்சை பிழிந்து நேராகப் பந்திக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் பாலை அதுவரை ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, ஊற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் போதும். மூன்று பந்திக்கும் அப்போதுதான் வைத்த சொதி. சமையல்காரர்கள் பலருக்குப் பாத்திரம் கொடுத்து, அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். தான் ஒரு நாளும் கரண்டி பிடித்ததில்லை என்றும் சொன்னார்.

பித்தளைக் குண்டான் இரண்டு, பெரியது ஒன்றும் சின்னது ஒன்றும், அப்படித்தான் என் பட்டியலில் ஏறின.

சோற்றிலும் என் கணக்கைத் திருத்தினார். ஐந்து கிலோ அரிசி என்றேன். முப்பத்தாறு பேருக்குச் சரியான அளவுதான், ஆளுக்குக் கிட்டத்தட்ட 140 கிராம் வரும். ஆனால் நான் கேட்ட தேக்சா போதாது என்றார். "வடிக்கிற சோறா, பொங்கி இறக்குவதா?" வடிப்பது என்றால் அரிசி தண்ணீரில் நீந்த வேண்டும்; ஐந்து கிலோவுக்கு முப்பது லிட்டர் கொள்ளும் பாத்திரம் வேண்டும், அதைக் கஞ்சியோடு சாய்க்க இரண்டு ஆண்பிள்ளைகளும் வேண்டும். அதற்குப் பதில் நடுத்தர தேக்சா ஒன்று எடுத்து, முதலில் மூன்று கிலோ, முதல் பந்தி உட்கார்ந்ததும் இரண்டு கிலோ என்று இரண்டு தடவையாக வடிக்கச் சொன்னார். கடைசிப் பந்திக்கும் சூடான சோறு. வாடகையும் குறைவு. பெரியதை எடுங்கள் என்று சொல்லியிருந்தால் அவருக்குக் கூடுதலாக 60 ரூபாய் கிடைத்திருக்கும்.

ரசத்துக்கு அலுமினியம் கேட்டபோது, புளி சேரும் எதற்கும் அலுமினியம் வேண்டாம் என்று எவர்சில்வர் எடுத்துக் கொடுத்தார். மூன்று வளைய கேஸ் அடுப்புக்கு மட்டும் அவர் போட்ட நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டு சிலிண்டரில் மாட்டுவதாக இருந்தால் அடுப்பு தர மாட்டேன் என்றார். இந்த அடுப்புக்கு ரெகுலேட்டரே வேறு. 19 கிலோ வணிக சிலிண்டருக்குச் சொல்லிவிட்டு வாருங்கள், அதன் பிறகு தருகிறேன் என்றார். வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லும் கடைக்காரரை நான் நம்புவேன். கோட்டையடுப்பு போடலாமா என்று என் கணவர் யோசித்தார். பின்கட்டில் புகை போக இடமில்லை, விட்டுவிட்டோம்.

மற்றவை வழக்கமானவை. சாம்பார் வாளி மூன்று (சொதி, ரசம், மோருக்கு), அன்னக்கரண்டி, ஜல்லிக்கரண்டி, துடுப்பு, தாம்பாளம், நாற்பது டம்ளர், கைப்பிடியோடு நான்கு கிண்ணங்கள் சேர்ந்த பரிமாறும் பாத்திரம், கோரையில் நெய்த பந்திப் பாய் இரண்டு. எல்லாம் சேர்த்து வாடகை 3,150 ரூபாய். முன்பணம் 4,000. லோடு ஆட்டோ தனியாக 500.

மோட்டார் தேங்காய்த் துருவி ஒன்றும் 200 ரூபாய்க்கு எடுத்தேன். அதை எடுக்காமல் இருந்திருக்கலாம். பதினான்கு தேங்காயை இருபது நிமிடத்தில் துருவிவிடும் என்றார்கள், வேகம் உண்மைதான். ஆனால் ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோலையும் சேர்த்துச் சுரண்டிவிடுகிறது. துவையலுக்கும் அவியலுக்கும் அது குற்றமில்லை. சொதிக்குப் பால் வெள்ளைவெளேர் என்று இருக்க வேண்டும். மூன்று தேங்காயோடு நிறுத்திவிட்டு, அந்தத் துருவலை அவியலுக்கு ஒதுக்கினேன். மீதிப் பதினொன்றையும் நாத்தனாரும் நானும் துருவுமணையில் உட்கார்ந்து துருவினோம்.

இனி மனக்குறை. போகியன்று காலை பத்து மணிக்குப் பாத்திரம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். வந்தபோது பன்னிரண்டரை. பொங்கல் கூட்டத்தில் சுலோசன முதலியார் பாலத்தைக் கடக்கவே முக்கால் மணி ஆனது என்று ஆட்டோக்காரத் தம்பி சொன்னார். 1843இல் கட்டிய பாலம்; டவுனுக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணியைத் தாண்ட இன்றைக்கும் எல்லோரும் முதலில் போய் நிற்பது அங்கேதான். தாமதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெரிதாக எடுத்துக்கொண்டது சின்னக் குண்டானை. உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தபோது அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈயம் (பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம்) தேய்ந்து, பித்தளையின் மஞ்சள் தெரிந்தது. சொதியில் எலுமிச்சை பிழிவது அந்தக் குண்டானில்தான். புளிப்பு பட்டால் பித்தளை களிம்பேறும். அதற்காகத்தான் பித்தளைக்கு உள்ளே ஈயம் பூசுகிறோம். அதில் சமைக்க மாட்டேன் என்று தொலைபேசியில் சொன்னேன். மாற்றுப் பாத்திரம் எல்லாம் வெளியே போய்விட்டது, கடையிலிருந்த பையன் பார்க்காமல் ஏற்றிவிட்டான் என்று அண்ணாச்சி வருத்தப்பட்டார். அதற்கான வாடகையை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் போகி மதியம் எனக்கு வேண்டியிருந்தது வருத்தமல்ல, ஈயம் பூசிய ஒரு குண்டான்.

கடைக்குப் போகிறவர்கள் பித்தளை எடுப்பதாக இருந்தால் வெளிப்பளபளப்பைப் பார்க்காதீர்கள். வெளிச்சத்தில் சாய்த்து உள்பக்கத்தைப் பாருங்கள். சாம்பல் வெள்ளையாக ஒரே சீராக இருக்க வேண்டும். இன்னொன்று, ஈயம் பூசியதை வெறுமனே அடுப்பில் ஏற்றாதீர்கள். 232 டிகிரியில் வெள்ளீயம் உருகிவிடும். தண்ணீரோ எண்ணெயோ விட்ட பிறகுதான் தீ மூட்ட வேண்டும். முன்பு எடுத்துப்போன யாரோ வெறும் குண்டானைக் காயவிட்டிருப்பார்கள், அதனால்தான் அந்த அடி அப்படி ஆகியிருக்கிறது என்பது அத்தையின் தீர்ப்பு.

தேக்சாவில் முந்தைய கல்யாண வீட்டுச் சாம்பாரின் பெருங்காய வாசனை இருந்தது. கழுநீரை ஊற்றி, பிழிந்த எலுமிச்சைத் தோலைப் போட்டுக் கொதிக்கவைத்து இரண்டு முறை கழுவியபின் போனது. ஒரு மூடி எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தவில்லை.

பெரிய குண்டானைப் பற்றிச் சொல்ல வேண்டும். கனமான, அழகான பாத்திரம். உள்ளே ஈயம் குறையில்லாமல் இருந்தது. விளிம்புக்குக் கீழே பெயர் வெட்டியிருந்தது, இரண்டு எழுத்தும் 1958 என்ற ஆண்டும். ஏதோ ஒரு வீட்டில் சீதனமாக வந்து, பிறகு எடைக்குப் போய், அங்கிருந்து வாடகைக் கடைக்கு வந்திருக்கிறது. அத்தைக்கு எண்பத்து நான்கு வயது. கண் சரியாகத் தெரியாது. நாற்காலியைக் குண்டான் அருகே இழுத்துப் போடச் சொல்லி, அந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் படித்தார். ஆண்டைக் கேட்டுவிட்டு, "எனக்கு முந்திக் கல்யாணமான ஒருத்தி கொண்டுவந்தது" என்றார். பிறகு புளி கேட்டார். வாடகைப் பாத்திரம்தானே அத்தை, நாங்கள் தேய்த்துக்கொள்கிறோம் என்று சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. உட்கார்ந்தபடியே அந்தப் பெயரைச் சுற்றிப் புளி போட்டுத் தேய்த்துத் துலக்கினார்.

விருந்தன்று காலை ஐந்து மணிக்கு அடுப்பு பற்றவைத்தோம். இஞ்சிப் பச்சடி முந்தின நாளே ஆகிவிட்டது. இஞ்சிப் பச்சடி இல்லாமல் சொதியைப் பரிமாறுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை, தேங்காய்ப் பாலைச் செரிக்க வைப்பது அதுதான். சிறுகிழங்கை ஓரகத்தி சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோல் எடுத்து வைத்திருந்தாள். தை மாதத்தில் சிறுகிழங்குப் பொரியல் இல்லாமல் என்ன விருந்து. அவியல், உருளைக்கிழங்கு வறுவல், ரசம், பாயசம், அப்பளம். சொதி இருப்பதால் சாம்பார் இல்லை.

சின்னக் குண்டானுக்குப் பதில் எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்தேன். அதன் அடி மெல்லியது, சட்டென்று கொதித்துவிடும். அதனால் பழைய இரும்புத் தோசைக்கல்லை அடுப்பில் போட்டு அதன்மேல் பாத்திரத்தை வைத்தேன். தீ மட்டுப்பட்டது. கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டியிருந்தது. பித்தளையாக இருந்திருந்தால் அவ்வளவு பதற்றம் இருந்திருக்காது.

ஒன்றே காலுக்கு முதல் பந்தி. மாப்பிள்ளையும் சம்பந்தி வீட்டாரும். இரண்டு மணிக்கு இரண்டாம் பந்தி, அதற்குள் இரண்டாவது சோறு வடித்தாகிவிட்டது. அத்தையை முதல் பந்தியிலேயே உட்காரச் சொன்னோம். மறுத்துவிட்டார். "எப்போதும் உட்காரும் பந்தியில் உட்காருகிறேன்" என்றார்.

மூன்றாம் பந்தி உட்கார இரண்டே முக்கால் ஆனது. இந்தத் தடவை கொழுந்தன்மார் பரிமாறினார்கள். கடைசிப் பங்கு முதல் பாலை ஊற்றி, நுரை கட்டியதும் நானே இறக்கி, எலுமிச்சை பிழிந்து கொடுத்துவிட்டுத்தான் இலைக்குப் போனேன். சோற்றில் குழி செய்து சொதி ஊற்றினார்கள். வெள்ளையாக, இஞ்சி மணத்தோடு, ஆவி பறக்க வந்து விழுந்தது. அத்தை ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். இன்னொரு வாய். பிறகு என் பக்கம் திரும்பி, "திரியவில்லையே" என்றார். அறுபது வருடத்துக்கு மேல் இந்த வீட்டின் கடைசிப் பந்தியில் சாப்பிட்டவர். மறுசோறு கேட்டு வாங்கினார்.

திருப்பிக் கொடுத்த கதையில்தான் இரண்டாவது மனக்குறை. பண்டிகை நாட்கள் வாடகையில் சேராது என்று அண்ணாச்சி வாயால் சொல்லியிருந்தார். 16ஆம் தேதி கடை திறக்கவில்லை. 17ஆம் தேதி கொண்டுபோனபோது அவர் இல்லை; கணக்கு பார்த்த பையன் ஒரு நாள் வாடகையைக் கூடுதலாகப் போட்டு முன்பணத்தில் பிடித்துக்கொண்டான். டம்ளர் ஒன்று குறைகிறது என்று 40 ரூபாயும் பிடித்தான். டம்ளர் தொலைந்தது எங்கள் தவறு, அது நியாயம். கடை மூடியிருந்த நாளுக்கு வாடகை நியாயமில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். அண்ணாச்சி நோட்டைப் பார்த்தார், பையனைக் கூப்பிட்டார், பாதியைத் திருப்பிக் கொடுத்தார். மீதிப் பாதி ஏன் என்று கேட்டதற்குத் தெளிவான பதில் வரவில்லை. வாயால் பேசுவதை எல்லாம் அதே இடத்தில் நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, கடை எந்த நாள் மூடியிருக்கும், எத்தனை டம்ளர், எத்தனை மூடி என்பது உட்பட. எண்ணி வாங்குவதைக் கௌரவக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

அப்படியும் நான் அந்தக் கடைக்கே போவேன். பாத்திரம் யாரும் தருவார்கள். பந்தி எத்தனை என்று கேட்டு, கடைசிப் பந்திக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாத்திரம் தருகிறவரை இதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஆடிக்குப் புதுமணத் தம்பதி மறுபடியும் வருகிறார்கள். 500 ரூபாய் முன்பணம் கொடுத்து, 1958 என்று வெட்டிய அந்தக் குண்டானையே வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். சின்னதையும் கேட்டிருக்கிறேன், புதிதாக ஈயம் பூசித் தந்தால் மட்டும் என்ற குறிப்போடு. அந்தக் குறிப்புக்குக் கீழே அண்ணாச்சி கையெழுத்துப் போட்டிருக்கிறார்.